அறுத்தெடுத்த டான்சிலில் கிருமி: அச்சம் எதற்கு, அக்கறை எதற்கு?



பிள்ளைக்கு டான்சில் அறுவை நடந்து முடிகின்றது. வெட்டியெடுத்த சதையைச் சோதனைச்சாலைக்கு அனுப்புகின்றனர். சில நாட்கள் கழித்து ஒரு சீட்டு வருகின்றது. சதைக்குள் இன்ன பாக்டீரியாக் கிருமி காணப்பட்டது என்று அதில் எழுதியிருக்கின்றது. அதைக் கண்டதும் நம் காரைக்கால் வீடுகளில் இரண்டு வகையான பேச்சு எழுவதுண்டு. "யா அல்லாஹ், இத்தனை நாளும் இந்தக் கிருமியையா பிள்ளை விழுங்கிக்கொண்டிருந்தது? உடம்பெல்லாம் பரவியிருக்குமோ?" என்று உம்மா கலங்குகின்றார். "எடுத்தது நல்லதாய்ப் போயிற்று; சின்னவனுக்கும் இப்போதே எடுத்துவிடலாம்" என்று பெரியும்மா ஆறுதல் கூறுகின்றார்.

முன்னது தேவையற்ற அச்சம். பின்னது அவசர முடிவு. இவ்விரண்டு பேச்சுக்கும் நடுவே, உண்மையில் அக்கறை கொள்ள வேண்டிய ஒன்று கவனிப்பாரற்றுப் போய்விடுகின்றது. பிள்ளையின் இதயமே அது. தொண்டையில் தொடங்கி இதயத்தில் போய் முடியக்கூடிய இந்தச் செய்தியை, இம்மாதம் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மருத்துவம் படிக்காத ஒரு மதரஸா ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவன் நாள்தோறும் பிள்ளைகளின் தொண்டையோடு பழகுகின்றவன். தொண்டையிலிருந்து பிறக்கும் எழுத்துகள் ஆறு என்பது தஜ்வீதின் பால பாடம். டான்சில் வீங்கிய பிள்ளை ஐனையும் கைனையும் உச்சரித்தால், வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுவதைப் போல் அடைபட்டு ஒலிக்கும். வாடைக் காற்றும் மழையும் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பிள்ளைக்கு இந்தக் குரல் வந்தால், அடுத்த வாரத்தில் அதே பாயில் தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கும் வேறு இரண்டு பிள்ளைகளுக்கும் வந்துவிடுகின்றது. ஆகவே இது எங்களுக்கும் உரிய செய்தியே ஆகும்.

காவற்கூடத்தில் கள்வன்

வாயைத் திறந்து உள்ளே நோக்கினால், உள்நாக்கின் இரு மருங்கிலும் பாதாம் பருப்பு வடிவில் இரண்டு சதைகள் தெரியும். அவையே டான்சில்கள். நம்மவர் பலர் இவற்றையே "உள்நாக்கு" என்று சொல்லிவிடுகின்றனர்; உள்நாக்கு என்பது நடுவில் தொங்கும் சிறு நாக்கு, அது வேறு. நாக்கின் அடியிலும் மூக்கின் பின்புறத்திலும் இதே வகைத் திசு உண்டு. இவை எல்லாம் சேர்ந்து தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் போல் அமைந்திருப்பதை 19ஆம் நூற்றாண்டில் வால்டையர் என்னும் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் எடுத்துக் காட்டினார். இன்றும் அது வால்டையர் வளையம் என்றே வழங்கப்படுகின்றது.

இந்த வளையத்தின் பணி என்ன? மூச்சோடும் உணவோடும் உள்ளே வரும் கிருமிகளைப் பிடித்து, அவற்றின் அடையாளத்தை உடலின் பாதுகாப்புப் படைக்கு அறிமுகம் செய்துவைப்பதே அதன் பணி. அதற்கென்றே டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பாக அமையவில்லை. உள்ளே ஆழமாகச் செல்லும் குழிகள் பல அதில் உள்ளன. ஒவ்வொரு டான்சிலிலும் பத்து முதல் முப்பது வரை இத்தகைய குழிகள் இருக்கும். கிருமி அவற்றில் நுழைகின்றது. அங்கேயே வெள்ளணுக்கள் அதை எதிர்கொள்கின்றன.

எனவே, டான்சிலுக்குள் கிருமி இருந்தது என்பது மட்டும் வியப்பிற்குரிய செய்தி அன்று. காவல் நிலையத்துக் கூண்டிற்குள் கள்வன் ஒருவன் இருக்கின்றான் என்றால் ஊர் அஞ்சுவதில்லை. அவனை வைக்க வேண்டிய இடம் அதுதான். கூண்டுக்குள் இருப்பவன் யார், அவன் அடைபட்டுக் கிடக்கின்றானா அல்லது காவல் நிலையத்தையே தன் வீடாக்கிக்கொண்டு இரவுதோறும் வெளியே போய்த் திருடிவிட்டு வருகின்றானா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சோதனைச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் மருத்துவரிடம் கேட்க வேண்டியதும் இதுவே.

மேலே ஒன்று, உள்ளே ஒன்று

தொண்டை வலி என்று சென்றால் சில மருத்துவர்கள் பஞ்சு சுற்றிய குச்சியால் டான்சிலின் மேற்பரப்பைத் தடவி, அதைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவர். அறுவை செய்து எடுத்த டான்சிலின் நடுப்பகுதியை வெட்டி, அதையும் அவ்வாறே சோதித்து, இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பல நடந்துள்ளன. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிய வந்த உண்மை ஒன்று உண்டு: மேற்பரப்பில் கிடைத்த கிருமியும் உள்ளே கிடைத்த கிருமியும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை. மேலே தீங்கற்ற கிருமிகள் மட்டும் தெரிந்த பிள்ளையின் டான்சிலுக்குள், நோயை உண்டாக்கும் கிருமி குடியிருக்கக் காண்கின்றனர்.

மருந்து கொடுத்தும் அது ஏன் சாகவில்லை? மூன்று காரணங்களை ஆய்வாளர் கூறுவர். முதலாவது, கிருமிகள் ஒன்றாகத் திரண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. குளத்துப் படித்துறையில் படிந்த பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மேலே ஊற்றினால் அது போவதில்லை. டான்சில் திசுவில் இத்தகைய படலம் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் 2003இல் நுண்ணோக்கி வழியே எடுத்துக் காட்டினர். இரண்டாவது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி உடலின் சொந்த அணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்வதை ஸ்வீடன் ஆய்வாளர் 1997இல் வெளியிட்டனர். பென்சிலின் அணுவிற்குள் எளிதில் நுழைவதில்லையாதலால், அதற்கு அது நல்ல மறைவிடமாகின்றது. மூன்றாவது, டான்சிலில் கூடவே வாழும் வேறு கிருமிகள் சில, பென்சிலினைச் சிதைக்கும் பொருளைச் சுரந்து, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கேடயமாகிவிடுகின்றன என்று கருதப்படுகின்றது.

ஒரே பாயில் அமரும் பிள்ளைகளுள் ஒருவனுக்கு மட்டும் ஆண்டில் ஏழெட்டு முறை ஏன் வருகின்றது என்பதற்கும் 2019இல் ஒரு விளக்கம் கிடைத்தது. கலிபோர்னியாவிலுள்ள லா ஹோயா ஆய்வு நிறுவனத்தார், அடிக்கடி நோயுற்ற பிள்ளைகளிடமிருந்து எடுத்த டான்சில்களை, உறக்கத்தில் மூச்சுத் தடைக்காக எடுத்த டான்சில்களோடு ஒப்பிட்டனர். அடிக்கடி நோயுற்றவர்களின் டான்சிலில், எதிர்ப்புப் பொருளை உருவாக்கும் பகுதி சிறுத்திருந்தது. அக்கிருமியின் நஞ்சுக்கு எதிரான காப்புப் பொருளும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. பரம்பரையாக வரும் உடலமைப்பிற்கும் இதில் பங்குண்டு என்று அவர்கள் கண்டனர். ஆகவே, "ஐஸ் தின்றதால்தான் வந்தது" என்று பிள்ளையை அடிக்கும் வாப்பாமார்கள் சற்றுக் கையைத் தாழ்த்துவார்களாக! அவனுக்கு வந்தது அவன் குற்றம் அன்று.

சீட்டில் உள்ள பெயர்கள்

வெட்டியெடுத்த சதைக்கு இரண்டு வகைச் சோதனைகள் உண்டு. கிருமியை வளர்த்துப் பார்ப்பது ஒன்று. சதையை மெல்லிய ஏடுகளாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பது மற்றொன்று. இவற்றில் அடிக்கடி காணும் பெயர்கள் நான்கு.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்: டான்சிலின் உட்பகுதியில் மிக அடிக்கடி காணப்படும் கிருமிகளில் ஒன்று இது. நலமாக உள்ள மனிதரின் மூக்கிலும் தோலிலும் கூட இது வாழ்கின்றது. சதை எடுக்கப்பட்ட பின், காய்ச்சலும் வேறு நோய்க்குறியும் இல்லாத பிள்ளைக்கு, சீட்டில் இதன் பெயர் இருக்கின்றது என்பதற்காக மட்டும் புதிதாக மருந்து தேவைப்படுவதில்லை.

ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே: பெயரைக் கண்டு இன்ஃபுளுயன்சா காய்ச்சல் என்று மயங்க வேண்டாம்; அது வைரஸ், இது பாக்டீரியா. இதுவும் சிறுபிள்ளைகளின் தொண்டையில் சாதாரணமாகக் குடியிருப்பதே.

ஆக்டினோமைசெஸ்: நுண்ணோக்கியில் பார்க்கும்போது குழிகளுக்குள் பூங்கொத்துப் போல் திரண்டு தெரியும். வாயில் இயல்பாக வாழும் கிருமி. சுற்றியுள்ள திசுவில் சேதம் இல்லாவிடில், இது பெரும்பாலும் வெறும் குடியிருப்பாளன் என்றே நோய்க்கூறு வல்லுநர் கொள்வர்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ்: நாம் உண்மையில் கவனிக்க வேண்டிய பெயர் இது. இதைப் பற்றிப் பின்னர் தனியே கூறுவேன்.

அரிதாக, எவரும் எதிர்பாராத வகையில், டான்சிலில் காசநோய் இருப்பதும் சதைச் சோதனையில் தெரிய வந்திருக்கின்றது. நம் நாடு காசநோய் மிகுந்த நாடு. ஆகவே, "சதையைத்தான் எடுத்தாயிற்றே, சீட்டு எதற்கு?" என்று அதை வாங்காமலே விட்டுவிடாதீர்கள். காசநோய் என்று தெரிந்தால் அதற்குரிய மருந்து அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றது. உரிய காலம் முழுதும் உண்டால் குணமாகின்றது.

ஆயிரமாண்டுப் பாடம்

டான்சில் அறுவை புதியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் செல்சஸ் இதைப் பற்றி எழுதியிருக்கின்றார். எனினும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்து 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட "அத்தஸ்ரீஃப்" என்னும் மருத்துவக் களஞ்சியத்தை எழுதினார். அதன் இறுதிப் பாகம் அறுவை மருத்துவம். நோயாளியை வெயிலின் வெளிச்சத்திற்கு எதிரே அமர்த்துவது, நாக்கை அழுத்தும் கருவி, சதையைப் பற்றியிழுக்கும் கொக்கி, வெட்டும் கத்தி என ஒவ்வொன்றையும் அவர் அதில் விளக்குகின்றார். கருவிகளின் படங்களையும் வரைந்து தருகின்றார். 12ஆம் நூற்றாண்டில் இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கிற்று.

என் மனத்தில் பதிந்தது அவருடைய கருவிகளை விட, அவருடைய தயக்கம்தான். எல்லா டான்சிலையும் வெட்டலாம் என்று அவர் சொல்லவில்லை. சிவந்து வீங்கி, அடி தடித்திருக்கும் சதையில் கத்தி வைக்காதே, குருதி பெருகும் என்று எச்சரிக்கின்றார். வெளிறி, உருண்டு, அடி மெலிந்திருப்பதே வெட்டத் தக்கது என்று வரையறுக்கின்றார். கத்தியை எடுக்கத் தெரிந்தவர். எப்போது எடுக்கக்கூடாது என்பதையும் தெரிந்தவர்.

இந்தத் தயக்கத்தை மறந்தால் என்னவாகும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டே சான்று. டான்சிலில் ஒளிந்திருக்கும் கிருமிதான் மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் காரணம் என்றொரு கொள்கை அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை நாடுகளில் பரவிற்று. இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு டான்சில் வெட்டப்பட்டது. 1934இல் நியூயார்க் நகரில் 11 வயதுடைய 1000 பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். அவர்களுள் 61 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. எஞ்சியவர்களை மருத்துவர்களிடம் காட்டியபோது, ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எடுக்க வேண்டும் என்றனர். வேண்டாம் என்று விடப்பட்டவர்களை வேறு மருத்துவர்களிடம் காட்டினர். அவர்களும் அதில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எடுக்க வேண்டும் என்றனர். மூன்றாம் முறையும் அவ்வாறே நடந்தது. முடிவில், அறுவை வேண்டாம் என்று எவரும் விட்டுவைத்த பிள்ளைகள் ஆயிரத்தில் 65 பேரே! சதையைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுப்பது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, மூத்தவனின் டான்சிலில் கிருமி இருந்தது என்பது சின்னவனின் டான்சிலை எடுப்பதற்குரிய காரணம் ஆகாது. நலமாக ஓடியாடும் பிள்ளைகளிலும் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டுதான் திரிகின்றனர்.

எப்போது எடுக்க வேண்டும்?

1984இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பேரடைஸ் என்னும் குழந்தை மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதையொட்டிய கணக்கே இன்றும் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகின்றது. ஓராண்டில் ஏழு முறை; அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறை; அல்லது தொடர்ந்து மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறை கடுமையான தொண்டை நோய் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், டான்சிலில் சீழ் படிதல், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி உறுதியாதல் ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். சளியோடு வரும் சாதாரணக் கரகரப்பு இக்கணக்கில் சேராது.

இவையன்றி, சதை பெருத்து உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிள்ளைக்கும், டான்சிலைச் சுற்றி மீண்டும் மீண்டும் சீழ்க்கட்டி வருபவருக்கும், ஒரு பக்கம் மட்டும் ஐயத்திற்குரிய வகையில் வளர்ந்தவருக்கும் அறுவை தேவைப்படலாம்.

பெரியவர்களுக்கு எப்படி? பிரிட்டனில் அடிக்கடி டான்சில் நோயுற்ற 453 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. இரண்டாண்டுக் காலத்தில், அறுவை செய்துகொண்டவர்கள் இடைநிலைக் கணக்கில் 23 நாட்களும், காத்திருந்தவர்கள் 30 நாட்களும் தொண்டை வலியால் துன்புற்றனர். பயன் உண்டு, ஆனால் அது மந்திரம் அன்று.

உண்மையில் அஞ்ச வேண்டியது

இப்போது நான் தனியே கூறுவதாகச் சொன்ன பெயருக்கு வருவோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் கிருமியால் வரும் தொண்டை நோய் சில நாட்களில் தானே அடங்கிவிடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமியோடு போரிட எழுந்த உடலின் பாதுகாப்புப் படை ஆள் தெரியாமல் தன் உடலையே தாக்கத் தொடங்குகின்றது. மூட்டுக்கு மூட்டு மாறி மாறி வீக்கமும் வலியும் வரும். சிலருக்குக் கைகால்கள் தம் விருப்பமின்றி ஆடும். இதய வால்வுகள் புண்பட்டுச் சுருங்கும். இதுவே வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே இது பெரிதும் பற்றுகின்றது. மூட்டு வலி தடமின்றிப் போய்விடும். வால்வில் ஏற்பட்ட சேதம் தங்கிவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, திருமணமாகி முதற்பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மூச்சு வாங்கி மருத்துவமனைக்கு வரும் பெண்ணின் நோய், அவள் பள்ளிக்குச் சென்ற காலத்துத் தொண்டை வலியில் தொடங்கியதாக இருக்கலாம்.

இது நம் மண்ணில் இல்லாத நோய் அன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2001-2002இல் வேலூரைச் சுற்றியுள்ள கிராமப்புறப் பள்ளிகளில் 2 இலட்சத்து 29 ஆயிரத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தனர். ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவில் இந்த இதய நோய் காணப்பட்டது. முன்னாட்களை விட இது குறைந்த அளவுதான்; அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவோம். ஆயினும் பத்தாயிரம் பிள்ளைகளில் ஆறேழு பேர் என்பது, அந்த ஆறேழு வீடுகளுக்குச் சிறிய எண் ஆகாது. உலக சுகாதாரப் பேரவையும் 2018இல் இந்நோய்க்கென்றே தனித் தீர்மானம் நிறைவேற்றிற்று.

மனத்திற்கு ஆறுதலான செய்தி என்னவென்றால், இதைத் தடுக்கும் மருந்து பழையது, மலிவானது, இன்றும் பலிப்பது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸுக்கு எதிராகப் பென்சிலின் இன்னும் தன் வலிமையை இழக்கவில்லை. தொண்டை நோய் தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் உரிய மருந்தைத் தொடங்கிவிட்டால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். வாய்வழியாகப் பென்சிலினோ அமாக்சிசிலினோ கொடுத்தால் பொதுவாகப் பத்து நாட்கள் கொடுக்க வேண்டும். இங்குதான் நம் வீடுகளில் சறுக்கல் நேர்கின்றது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மருந்தும் நின்றுவிடுகின்றது. காய்ச்சல் போயிற்றே தவிர, குழிக்குள் ஒளிந்தவன் போகவில்லை.

ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, மூன்று அல்லது நான்கு வாரத்திற்கொரு முறை பென்சிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். டான்சிலை எடுத்துவிட்டோமே என்று அதை நிறுத்திவிடக் கூடாது. கிருமி வாழத் தொண்டையில் வேறு இடமும் உண்டு.

கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை

அப்படியானால் எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடலாமா? கூடாது. தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. பிள்ளைகளிலேயே நூற்றுக்கு இருபது முப்பது அளவுதான் ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வருபவை. மூக்கொழுகலும் இருமலும் குரல் கம்மலும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் வைரஸ். இருமலின்றி, திடீரென்று காய்ச்சல், விழுங்க முடியாத வலி, டான்சிலில் வெண்படிவு, கழுத்தில் தொட்டால் நோகும் நெறி என்று வந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம் ஊரில் பல குடும்பங்களுக்கு ஃபிரான்சில் உறவுண்டு. அங்குள்ள நானாவிடமோ மச்சானிடமோ கேட்டுப் பாருங்கள். தொண்டையைத் தடவி எடுத்துச் சில நிமிடங்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உண்டா இல்லையா என்று காட்டும் துரிதச் சோதனையை அங்கே மருத்துவர்கள் 2002ஆம் ஆண்டு முதலே பரவலாகப் பயன்படுத்தி வருகின்றனர். இல்லை என்று வந்தால் ஆன்டிபயாட்டிக் இல்லை. அங்கிருந்து விடுமுறைக்கு வருபவர்களே இங்கே மருந்துக் கடையில் நின்று, "தொண்டைக்கு நல்ல மாத்திரையாக நாலு கொடுங்கள்" என்று கேட்பது வேடிக்கையாக இல்லையா?

மருந்து அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோட்டைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்து என்பதற்கு அது அடையாளம். 2016இல் மைய அரசு இதைப் பற்றி நாடெங்கும் பிரசாரம் செய்தது. நான்கு மாத்திரை வாங்கி உண்பவர், கிருமிக்கு மருந்தின் முகத்தை மட்டும் அறிமுகம் செய்துவைக்கின்றார். ஒன்பது நாள் அவகாசம் இருக்கின்றது என்று முன்னர் கூறினேன் அல்லவா? மருத்துவரைக் காண்பதற்கும் சோதனைக்கும் அது போதுமான காலம்.

விரல் வைக்காதீர்கள்

பிள்ளையின் தொண்டையில் விரலை விட்டு, உப்பையோ சாம்பலையோ வைத்துச் சதையை அழுத்தும் பழக்கம் இன்றும் சில இடங்களில் உள்ளது. அழுக்கு நகம் ஒரு கேடு. அழுத்திய இடத்தில் புண்ணும் குருதியும் மற்றொரு கேடு. உம்மு கைஸ் (ரலி) என்னும் பெண்மணி, தொண்டை நோய்க்காக இவ்வாறு அழுத்தப்பட்ட தம் மகனை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தபோது, பிள்ளைகளை ஏன் இப்படி வதைக்கின்றீர்கள் என்ற பொருளில் அவர்கள் கடிந்துகொண்ட செய்தி புகாரி நூலின் மருத்துவப் பகுதியில் உள்ளது. அங்கே கோஷ்டம் என்னும் இந்திய மூலிகையைப் பற்றி வருவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பிள்ளையை வதைக்காதீர்கள் என்ற முற்பகுதியை நம்மவர் மறந்துவிடுவது வருந்தத்தக்கது. வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிப்பது வலிக்கு இதம் தரும், செய்யலாம். ஆனால் அது கிருமிக்குரிய மருந்துக்கு ஈடாகாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். டான்சிலில் சாம்பல் நிறத் தடித்த ஏடு படிந்தால் அது தொண்டை அடைப்பான் என்னும் கொடிய நோயாக இருக்கலாம். தடுப்பூசியால் மறைந்ததென்று எண்ணப்பட்ட அந்நோய், 2016இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் மீண்டும் தலைகாட்டிப் பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. தடுப்பூசி போடாதவர் மிகுந்திருந்ததே அங்கே அது பரவக் காரணம் ஆயிற்று. மதரஸாவில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் பிறப்புச் சான்றிதழோடு தடுப்பூசி அட்டையையும் கேட்பது நல்லது என்பேன்.

அறுவைக்குப் பின்

அறுவை முடிந்த வீட்டார்க்குச் சில சொற்கள். வெட்டிய இடத்தில் ஓரிரு நாட்களில் வெண்படலம் படியும். அது சீழ் அன்று. புண் ஆறுவதற்கான மூடி. காதில் வலிக்கின்றது என்று பிள்ளை அழுதால், காதுக்கும் தொண்டைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு என்பதை நினைவிற்கொள்ளுங்கள். தண்ணீரை நிறையக் கொடுங்கள். வலிக்கு அஞ்சிக் குடிக்காத பிள்ளைக்கே துன்பம் நீளும். முதல் 24 மணி நேரத்திலும், பின்னர் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலும் குருதிக் கசிவு நேரக்கூடும். பிள்ளை அடிக்கடி எச்சிலை விழுங்கினாலோ, வாயில் சிவப்பாகக் குருதி தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். காரைக்காலிலிருந்து புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றது. ஆகவே அறுவை அங்கே நடந்திருந்தாலும், இரவில் நேர்ந்தால் இங்கே எங்கே போவது என்பதை வீடு திரும்பும் முன்பே அந்த மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பால் கணக்கிற்கும் சீட்டுக் கணக்கிற்கும் குறிப்பேடு வைத்திருக்கும் நம் வீடுகளில், பிள்ளையின் தொண்டைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்று வலி தொடங்கிற்று, காய்ச்சல் எவ்வளவு, நெறி கட்டியதா, என்ன மருந்து, எத்தனை நாள் கொடுத்தோம் என்று எழுதி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பா தொலைபேசியில் "எடுத்துவிடுங்கள்" என்பார்; பெரியும்மா "வேண்டாம்" என்பார். "போன வருஷம் அடிக்கடி வந்தது டாக்டர்" என்பதை வைத்து எந்த மருத்துவரும் சரியான முடிவிற்கு வர முடியாது. ஏழா, மூன்றா என்பதை அந்தப் பக்கம்தான் சொல்லும். கத்தி தேவையா என்பதும், மருந்து பத்து நாளும் உள்ளே போயிற்றா என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

வஸ்ஸலாம்.